வாலைவடிநீர் என்று எழுதிய கேன்

போன வாரம் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு செய்முறைத் தேர்வு நடந்தது. நடத்தியவர் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்க வந்தவர். கழுத்தில் டை, தோளில் கனத்த பை, வாயில் ஓயாத பேச்சு. உங்கள் வீட்டுக்கும் இந்நேரம் ஒருவர் வந்துவிட்டுப் போயிருப்பார். மேடையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தார். ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர். நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை, டம்ளருக்கு இரண்டு கம்பி இறங்கும்படி வைத்து, சுவிட்சைப் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கள் தண்ணீர் பழுப்பாகி, பச்சையாகி, நுரைத்துக்கொண்டு சாக்கடை மாதிரி நின்றது. அவருடைய தண்ணீரில் ஒரு மாற்றமும் இல்லை.

“பாத்தீங்களாம்மா? இதத்தான் இத்தன வருசமா குடிச்சிக்கிட்டு இருக்கீங்க.”

என் கணவர் ஆடிப்போய்விட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணால் கண்டதை உடனே நம்பிவிடுவார். “ஏம்மா, நீதான கெமிஸ்ட்ரி டீச்சரு. சரியாத்தான் வருதா?” என்று என்னைப் பார்த்தார்.

“வரவேண்டியதுதாங்க வருது” என்றேன்.

அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அந்தக் கம்பிகளில் சில இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் ஓடும், இரும்பு கரையும், துரு திரளும். அழுக்கு தண்ணீரில் இல்லை, கம்பியில் இருக்கிறது. அவர் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டால் அதுவும் இதே கோலத்துக்கு வரும். உப்பு ஜாடி என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. மெஷின் இப்போது சமையலறைச் சுவரில் நீல விளக்கோடு தொங்குகிறது. நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அன்று முழுவதும் எனக்கே எரிச்சலாக இருந்தது.

எங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று சாதிக்க வரவில்லை. அது கெட்ட தண்ணீர் என்று தர்மபுரிக்காரர்கள் வாயால் சொல்லக்கூட வேண்டியதில்லை, கொஞ்சம் சிரித்தால் போதும். நான் பிறந்தது தர்மபுரிக்குப் பக்கத்து இண்டூரில். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடு, தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடு போட்டது. போட்டோ எடுக்கும்போது உதட்டைச் சேர்த்துச் சிரிக்கிற பழக்கம் எனக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்டது. இந்தப் பல்லை வைத்துக்கொண்டுதான் முப்பது வருடம் வகுப்பறைகளில் நின்று நீரின் தூய்மை பற்றிப் பாடம் நடத்தினேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும் அதே கோடு இருந்ததால் யாரும் யாரையும் கேலி செய்துகொள்ளவில்லை.

முதல் வேலை கடத்தூர்ப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில். ஆய்வகம் என்பது ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். வடக்குப் பாதி கெமிஸ்ட்ரி, தெற்குப் பாதி பயாலஜி, நடுவில் எல்லை காக்க ஒரு இரும்பு பீரோ. கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வரும். அழுகிய முட்டை, ஸ்பிரிட், அமோனியா, பார்மலினில் கிடந்த பாம்பு, இவற்றோடு ஜன்னலுக்கு வெளியே இருந்த சத்துணவுக் கூடத்தின் சாம்பாரும் சேர்ந்த வாசனை. அந்தச் சாம்பாரை நான் கடைசிவரை சாப்பிட்டதில்லை. சாம்பார் மேல் குற்றமில்லை. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு நினைவில்லாமல் அதை முகர எனக்குத் தெரியவில்லை.

ஆய்வகத்துக்கு உண்மையான அதிபதி உதவியாளர் முனுசாமி அண்ணன். நான் வேலையில் சேர்ந்த அன்று அவர்தான் எனக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். பீரோ மேல் பிளாஸ்டிக் உறை போர்த்தி ஒரு பெரிய கருவி உட்கார்ந்திருந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிக் குளிர்வித்துச் சுத்த நீராகத் தருகிற கருவி. வாலைவடிநீர் என்று பாடப்புத்தகம் சொல்லும் தண்ணீருக்காக வாங்கியது. எங்கள் ஊர் போர் தண்ணீரை அது ஒரு மாதம் தாங்கியதாம். பிறகு உள்ளே இருந்த சூடாக்கும் காயிலில் சுண்ணாம்பு விரல் கனத்துக்குப் படிந்துவிட்டது. முனுசாமி அண்ணன் கத்தியால் சுரண்டியிருக்கிறார். சுண்ணாம்போடு காயிலும் வந்துவிட்டது.

“அப்ப டிஸ்டில்டு வாட்டருக்கு என்னண்ணா பண்றீங்க?”

அவர் மேஜை மேல் இருந்த வெள்ளை கேனைக் காட்டினார். சிவப்புப் பெயிண்டில் ‘வாலைவடிநீர்’ என்று எழுதியிருந்தது. ஓவிய ஆசிரியரே பொறாமைப்படும் எழுத்து. முனுசாமி அண்ணன் கைவண்ணம்தான். காலையில் வந்ததும் அதை வெளியே இருக்கிற போர் பைப்பில் கொண்டுபோய் ரொப்பிக்கொண்டு வந்து வைப்பார்.

“எழுதி வெச்சாச்சில்லீங்க டீச்சர். இனி அதுல எத ஊத்துனாலும் அதுதான்.”

சிரித்துவிட்டேன். பிறகு பதினோரு வருடம் அந்தக் கேனிலிருந்துதான் நானும் ஊற்றினேன்.

போர் தண்ணீரால் வந்த சிக்கல் ஒன்றே ஒன்றுதான். செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொட்டலத்தில் பெயர் தெரியாத உப்பு தருவோம். அதைச் சோதனை மேல் சோதனையாகச் செய்து, உள்ளே இருப்பது சல்பேட்டா, நைட்ரேட்டா, கார்பனேட்டா என்று அவர்கள் சொல்ல வேண்டும். உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட்டை விட்டால் தயிர் போல வெள்ளையாகத் திரிந்தால் அது குளோரைடு. திரியாவிட்டால் குளோரைடு இல்லை. எங்கள் ஆய்வகத்தில் எல்லாமே திரியும். தண்ணீரிலேயே குளோரைடு தாராளமாக இருந்தது. எந்த உப்பைக் கொடுத்தாலும் பிள்ளைகளின் சோதனைக் குழாயில் தயிர் உறைந்துவிடும்.

இதற்கு எனக்கு முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன். ‘உங்கள் உப்பு குளோரைடாக இருந்தால், வெள்ளை வந்தது என்று எழுதுங்கள். வேறு உப்பாக இருந்தால், வெள்ளை வந்தாலும் வரவில்லை என்று எழுதுங்கள்.’ உப்பு என்னவென்று கண்டுபிடிக்கத்தானே இந்தச் சோதனை, அது முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பள்ளியில் யாரும் கேட்டதில்லை. உப்பு எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

தெரியவைப்பது முனுசாமி அண்ணன் பொறுப்பு. தேர்வு அன்று தோளில் துண்டோடு மேஜைகளுக்கு நடுவே பீக்கர் எடுத்துவைக்கிற சாக்கில் உலா வருவார். ஒரு பிள்ளையின் பக்கத்தில் நின்று காதைக் குடைந்தால் அதற்கு அமோனியம். துண்டை உதறினால் மெக்னீசியம். மூக்கைத் துடைத்தால் காரீயம். ஒரு வருடம் பாவம், தேர்வு நாளன்று அவருக்கு நிஜமாகவே ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. அந்தக் குழுவில் பதினோரு பேர் காரீயம் எழுதினார்கள். வெளியூர் தேர்வாளர் திகைத்துப்போய் விடைத்தாள்களைப் புரட்டிப் பார்த்தார். பதினோரு பேரும் காரீயத்தைக் கண்டுபிடித்த விதம் ஒரு சோதனைகூட விட்டுப்போகாமல் அவ்வளவு திருத்தமாக இருந்தது. வழி சரி, உப்புதான் தப்பு என்று சொல்லிப் பாதிக்கு மேல் மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார்.

பிள்ளைகளையும் குறை சொல்ல மாட்டேன். ஆய்வகத்துக்குள் வந்ததும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, “மிஸ், என்ன வரணும்?” என்பதுதான். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே கேட்பார்கள். நீலம் வரணும், புகை வரணும், பதினெட்டு புள்ளி நாலு வரணும் என்று நான் சொல்லிவிட்டால் நிம்மதியாக ஆரம்பிப்பார்கள். வராவிட்டாலும் வந்ததாக எழுதிவிடுவார்கள். தெற்குப் பாதியிலும் இதே கதைதான். மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம் பாய்ச்சும் கண்ணாடி உடைந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதில் கண்ணை வைத்து இருட்டைப் பார்த்துவிட்டு, வெங்காயச் செல்லை உட்கருவோடு அழகாக வரைந்து கலர் பென்சிலும் தீட்டுவார்கள். நானும் காலேஜில் அப்படிப் படம் போட்டுத்தான் பாஸானேன். பிப்பெட் குழாயில் உறிஞ்சும்போது எதிர்பாராமல் வாய்க்குள் போனது மட்டும்தான் அந்த நாளில் எனக்குச் சொந்தமாகக் கிடைத்த அனுபவம். புளித்தது, அதனால் அமிலம்.

ஒரே ஒரு பெண் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டாள். மாதம்மாள் என்று பெயர். சித்தேரி மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். ஒல்லி, எண்ணெய் வழிய வாரிய இரட்டைச் சடை, வகுப்பிலேயே வெள்ளைப் பற்கள் அவளுக்குத்தான். மலைச் சுனைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பல். ப்ளஸ் ஒன் சேர்ந்த முதல் வாரமே என்னிடம் வந்தாள்.

“மிஸ், இந்த ஊருத் தண்ணி உப்பா கெடக்குதுங்க. எப்பிடிக் குடிக்கிறீங்க?”

உப்பா? நான் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. மலையிலிருந்து வந்த பிள்ளை, புது இடம், வாய்க்குப் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து ஒரே தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அதன் ருசி எப்படித் தெரியும்? எங்களுக்கு அதுதான் தண்ணீர்.

ஆய்வகத்தில் அவள் செய்கிற வேலையே வேறு மாதிரி இருக்கும். மற்றவர்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு ரெக்கார்டு நோட்டில் கலர் அடித்துக்கொண்டிருப்பார்கள். அவள் சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே நிற்பாள். வந்ததை எழுதுவாள். வராததை வரவில்லை என்று எழுதுவாள். அவளுடைய ரெக்கார்டு நோட்டு பார்க்கச் சகிக்காது. அத்தனை சந்தேகம், அத்தனை அடித்தல் திருத்தல். தப்பாக எழுதியதைக் கிறுக்கி அழிக்கக் கூடாது, ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடிக்க வேண்டும் என்று நான் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தாள். எங்கள் ஊர்ச் சுனைத் தண்ணீர் என்றாள். எனக்குக் குடிக்கக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து நான் நெகிழ்ந்துபோய்க் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. இரண்டு குழாய்களை எடுத்தாள். ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் சுனைத் தண்ணீர். இரண்டிலும் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டு விட்டாள். கேன் தண்ணீர் பாலாகத் திரிந்தது. சுனைத் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது.

“மிஸ், உப்பு நம்ம கேன்லதாங்க இருக்குது” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

அவள் முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் ஒருவர் ஒன்றைக் கண்டுபிடித்தது அந்த ஒரு தடவைதான். வேறு எந்தப் பள்ளியிலாவது ஒரு டீச்சர் அவளைத் தூக்கிச் சுற்றியிருப்பாள். நான், “சில்வர் நைட்ரேட்ட வீணாக்காத, வருசத்துக்கு ஒரு பாட்டில்தான் தர்றாங்க” என்றேன்.

சில்வர் நைட்ரேட்டைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. விரலில் பட்டால் கருப்பாகிவிடும், தோல் உரிந்தால்தான் போகும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று வலது கை விரல் மூன்றும் கருப்பு. காபித் தட்டை இடது கையால் நீட்டவும் முடியாது. மாப்பிள்ளை வீட்டு அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சமாளிக்கலாம் என்றால் பல் அதற்கு மேல். கடைசியில் மாப்பிள்ளையாக வந்த கண்டக்டர்தான், “கையில மை பட்டுருக்குதுங்களா? எனக்குந்தான் டிக்கெட் மை போவ மாட்டேங்குது” என்று தன் கட்டைவிரலைக் காட்டினார். அவருக்குத்தான் இப்போது நீல விளக்கு எரிகிற தண்ணீரைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மாதம்மாளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தர்மபுரிக்குப் போய்க் காலேஜில் சேர வேண்டும். “கெமிஸ்ட்ரியே எடுக்கணும்ங்க மிஸ்” என்பாள். அவளுடைய ஊரிலிருந்து அதுவரை யாரும் காலேஜுக்குப் போனதில்லை. அவளுடைய அப்பா ஹாஸ்டலில் விட வந்தபோது என்னிடமும் வந்து கும்பிட்டார். “பாஸானா படிக்கட்டுங்க. ஆவலீன்னா சாமை அறுக்கக் கை வேணும், கூட்டிக்கிட்டுப் போயிடறேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். செய்முறையில் தேறாவிட்டால் அந்தப் பாடத்திலேயே தேறாத கணக்கு. அதனால் அந்தப் பெண்ணின் காலேஜ் முழுவதும் ஒரு பொட்டலம் உப்பில் இருந்தது.

ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வு அன்று பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். வெளியூர் பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியர் தேர்வாளராக வருவார். நாங்கள் எக்ஸ்டர்னல் என்போம். அவரை பொம்மிடி ஸ்டேஷனில் போய் அழைத்துக்கொண்டு வர ஒரு பைக், வந்ததும் இளநீர், மதியம் நாட்டுக்கோழி. இதில் லஞ்சம் என்று எதுவும் இல்லை. அடுத்த வருடம் எங்களில் ஒருவர் அவருடைய பள்ளிக்கு எக்ஸ்டர்னலாகப் போவார், அங்கேயும் கோழி அடிப்பார்கள். அந்த வருடம் வந்தவர் வயதானவர், சாந்தமான மனிதர். காலையில் வந்ததும் நாங்கள் இருவரும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். ஆய்வகத்தில் வாலைவடிநீர் உள்ளிட்ட எல்லா வசதியும் இருக்கிறது என்று அதில் அச்சடித்திருந்தது. அவர் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்தைப் போட்டார். அவருடைய பள்ளியிலும் கேன் இருந்திருக்கும்.

மாதம்மாளுக்கு வந்தது மெக்னீசியம் சல்பேட். முனுசாமி அண்ணன் அவள் பக்கத்தில் நின்று துண்டை ஒரு தடவை உதறினார். அவள் பார்க்கவில்லை. இன்னொரு தடவை உதறினார். மூன்றாவது தடவை உதறிய உதறலில் பக்கத்து மேஜைப் பையனுடைய அடுப்பு அணைந்துபோனது. அவள் குழாயை ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நேரம் முடிந்து எல்லோரும் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வராந்தாவில் உட்கார்ந்தார்கள். எக்ஸ்டர்னல் திருத்திக்கொண்டே வந்தவர் ஒரு தாளில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“மேடம், இந்தப் புள்ள என்ன எழுதியிருக்குதுன்னு பாருங்க.”

பார்த்தேன். உப்பு மெக்னீசியம் சல்பேட் என்று சரியாகக் கண்டுபிடித்திருந்தாள். யாருடைய துண்டும் இல்லாமல். ஆனால் அதற்குக் கீழே மூன்று வரி எழுதியிருந்தாள். ‘சில்வர் நைட்ரேட் சோதனையில் வெண்ணிற வீழ்படிவு வந்தது. உப்பு சேர்க்காமல் கேனில் உள்ள நீரை மட்டும் எடுத்துச் சோதித்தபோதும் அதே வீழ்படிவு வந்தது. ஆகவே குளோரைடு நீரில் உள்ளது, உப்பில் இல்லை.’

“சரியாத்தான் சார் எழுதியிருக்கா” என்றேன்.

“சரிதாங்க. ரொம்பச் சரி. எஞ் சர்வீஸ்ல இப்பிடி ஒரு பேப்பர் பாத்ததில்ல.” அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு அந்தச் சந்தோஷம் மெல்ல வடிந்தது. “ஆனா நாளைக்கி யாராச்சும் இந்தப் பேப்பர் கட்டப் பிரிச்சாங்கன்னா? டிஸ்டில்டு வாட்டர் இருக்குதுன்னு நீங்களும் நானும் காலையில கையெழுத்துப் போட்டிருக்கோம். கேன்ல குளோரைடு இருக்குதுன்னு இது எழுதி வெச்சிருக்குது.”

“என்ன சார் பண்ணலாம்?”

“அந்த மூணு வரிய எடுக்கச் சொல்லுங்க, முழு மார்க் போட்டுடறேன். இருந்துச்சுன்னா, ஒரு உப்புக்கு ரெண்டு ரிசல்ட் காட்டியிருக்குதுன்னு நான் தப்புப் போட்டுத்தான் ஆவணும். வேற வழியில்லீங்க.”

நான் அந்தப் பெண்ணின் நன்மைக்காகத்தான் செய்தேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? முதலில் என் நினைவுக்கு வந்தது அந்தப் படிவத்தில் இருந்த என் கையெழுத்துதான். அவளுடைய காலேஜ் அதற்கப்புறம்தான் வந்தது. வந்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வராந்தாவிலிருந்து மாதம்மாளைக் கூப்பிட்டேன். தாளை அவள் முன்னால் வைத்தேன்.

“இந்தக் கடைசி மூணு வரிய அடிச்சுடும்மா.”

“எதுக்குங்க மிஸ்? தப்புங்களா?”

“தப்பில்ல.”

“அப்புறம் எதுக்குங்க அடிக்கணும்? நெசமா வந்துச்சுங்க. ரெண்டு வாட்டி பண்ணிப் பாத்தனுங்க.”

எக்ஸ்டர்னல் ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். முனுசாமி அண்ணன் துண்டால் மேஜையைத் துடைத்தார், துடைத்த இடத்தையே துடைத்தார். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் கோபப்பட ஒன்றுமே இல்லை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

“மார்க் வேணுமா, மலைக்குப் போறியா?”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், மேஜை மேல் இருந்த கேனைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து ஸ்கேலை எடுத்தாள். வரியின் மேல் வைத்து, நான் சொல்லிக்கொடுத்தபடி, கிறுக்காமல், ஒரே கோடாக, மூன்று கோடு போட்டாள். தாளை என்னிடம் நீட்டினாள். முழு மதிப்பெண் கிடைத்தது. மதியம் கோழிக்குழம்பு நல்ல காரம், நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த ஆய்வகம் இப்போது இல்லை. ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு டைல்ஸ் பதித்த புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். வாலைவடிநீர் சீல் வைத்த கேனில் கடையிலிருந்தே வந்துவிடுகிறதாம். பிப்பெட்டை இப்போது வாயால் உறிஞ்சுவதில்லை, ரப்பர் பல்பு வந்துவிட்டது. பயாலஜியில் தவளை அறுப்பது எப்போதோ நின்றுவிட்டது, தவளைகளுக்கு நல்லது. முனுசாமி அண்ணன் ஓய்வு பெற்று, ஜலதோஷத்துக்கு வேறு அர்த்தம் இல்லாத வாழ்க்கை வாழ்கிறார். இதெல்லாம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மாதம்மாளும் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று கேள்வி. தர்மபுரியில் காலேஜ் சேர்ந்தாள், ஏதோ அலுவலகத்தில் வேலைக்கும் போனாள். ஆனால் அவள் எடுத்தது வரலாறு. கெமிஸ்ட்ரிக்கு இடம் கிடைத்திருக்கும், அத்தனை மார்க் வாங்கியிருந்தாள்.

போனவற்றில் ஒன்று எந்த நாளில் போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். போகும்போது நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வருடம் கெமிஸ்ட்ரி முடிந்து இரண்டு நாள் கழித்து பயாலஜி செய்முறை. பயாலஜி டீச்சர் மாற்றலாகிப் போன இடம் காலியாக இருந்ததால் தெற்குப் பாதியையும் நான்தான் கவனித்தேன். மாதம்மாளுக்கு வந்தது எச்சில் சோதனை. சோற்றுக் கஞ்சியை இரண்டு குழாயில் எடுத்து, ஒன்றில் மட்டும் எச்சிலைக் கலந்து, பத்து நிமிடம் வைத்திருந்து, இரண்டிலும் அயோடின் விட வேண்டும். வெறும் கஞ்சி நீலமாகும். எச்சில் கலந்ததில் மாவுச்சத்து செரித்துவிட்டதால் நீலம் வராது. எங்கள் அயோடின் பாட்டிலோ மூடி சரியில்லாமல் வெயிலில் இருந்து, சத்தெல்லாம் போய் வெறும் வண்ணத் தண்ணீராகியிருந்தது. எந்தக் குழாயிலும் நீலம் வரவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு அதில் சிரமம் இருக்கவில்லை, முதல் குழாய் நீலம் என்று எழுதிவிட்டு ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாதம்மாள் இரண்டு குழாயையும் கையில் வைத்திருந்தாள். ஜன்னல் பக்கம் பிடிக்கவில்லை. நான் அவளுக்காகக் காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மிஸ், அயோடின் கெட்டுப்போச்சுங்க என்று அவள் சொல்வாள், இந்தத் தடவை ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் தயாராக நின்றிருந்தேன்.

அவள் குழாய்களைத் தாங்கியில் வைத்தாள். பேனாவைத் திறந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“மிஸ், என்ன வரணும்ங்க?”

சொன்னேன். அவள் குனிந்து எழுதினாள். முதல் முறையாக, ஒரு இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லாமல்.